பனி போட்டுக் கொடுத்த ரோடு: கியூபெக்கில் ஆறு நாள்

நாள் 1, மாண்ட்ரியல்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். ஆச்சிக்குத் தெரிந்த பனி விடியற்காலையில் ஓட்டு விளிம்பில் சொட்டும், வெயில் ஏறினால் போய்விடும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நான் நேற்று ராத்திரி வந்து இறங்கிய ஊரில் அது கார்த்திகையில் வந்து உட்கார்ந்தால் பங்குனிவரை எழுந்திருக்காது. விமான நிலையத்துக் கதவைத் தாண்டியதும் மூக்குக்குள் இருந்த ஈரம் சுருக்கென்று இறுகியது. மைனஸ் 19 என்றார் அத்தான். இன்றைக்குப் பரவாயில்லை என்றும் சொன்னார்.

அக்கா இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் போனில் ஒரே பேச்சுதான், "ஆறு மாசம் வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கணும்டி, நீ வர்றதா இருந்தா ஜூன்ல வா". நான் வேண்டுமென்றே தை மாதத்தில் வந்திருக்கிறேன். காரணம் ஒரு படம். போன வருஷம் அக்கா மகன் பள்ளிக்கூடத்து வேலைக்காக ஒரு பழைய படத்தை அட்டையில் ஒட்டி எனக்கு வீடியோவில் காட்டினான். 1870இல் இதே மாண்ட்ரியலில், வளைந்த கூரை போட்ட பெரிய கொட்டகைக்குள் தரை முழுக்க ஐஸ், அதன்மேல் நூற்றுக்கணக்கான ஆணும் பெண்ணும் மாறுவேடம் போட்டுக்கொண்டு ஸ்கேட் கட்டி நிற்கிறார்கள். ராஜா வேஷம், கோமாளி வேஷம், குடியானவன் வேஷம் எல்லாம் உண்டு. சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது, இறகு அடைத்த ஜாக்கெட் கிடையாது, அந்தக் காலத்தில் இவ்வளவு பேர் குளிரை ஒரு திருவிழாவாக எப்படி ஆக்கினார்கள் என்ற கேள்வி அன்றைக்கு மனதில் விழுந்தது, அது போகவே இல்லை. அதைத் தேடித்தான் இந்த ஆறு நாள்.

இன்று தூக்கமும் சாப்பாடும்தான். அக்கா ரசம் வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது, மழை மாதிரி அறிவிப்பு கொடுக்காமல் விழுகிற இந்த மௌனம் எனக்குப் புதுசு.

நாள் 2, மாண்ட்ரியல்

காலையில் நேராக ஷெர்புரூக் தெருவில் உள்ள மெக்கார்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகம். அந்தப் படத்தை எடுத்த வில்லியம் நாட்மனின் புகைப்படச் சேகரிப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர், 1856இல் மாண்ட்ரியலுக்கு வந்து ஸ்டூடியோ போட்டவர்.

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் எனக்கு அதன்மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. 1870 மார்ச்சில் விக்டோரியா ராணியின் மகன் இளவரசர் ஆர்தர் இங்கே வந்திருந்தபோது நடந்த ஸ்கேட்டிங் விழா அது. அன்றைய கேமராவால் ராத்திரியில், அதுவும் ஓடுகிற கூட்டத்தை, படம் பிடிக்கவே முடியாது. அதனால் வந்தவர்களை எல்லாம், கிட்டத்தட்ட 300 பேரை, அவரவர் வேஷத்தோடு ஸ்டூடியோவுக்கு வரவழைத்துத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொருவரையும் கத்தரித்து, வரைந்து வைத்த பின்னணியின்மேல் ஒட்டி, அதை மறுபடி படமெடுத்திருக்கிறார். ஒரு ராத்திரி சந்தோஷத்தைப் பத்திரப்படுத்த எத்தனை வார உழைப்பு, பாருங்கள். ஸ்டூடியோவுக்குள்ளேயே குளிர்காலத்தையும் உண்டாக்கியிருக்கிறார்கள். விழுந்து கிடக்கும் பனிக்கு உப்பும் வெள்ளை ரோமமும், ஐஸுக்குப் பளபளவென்று தேய்த்த துத்தநாகத் தகடு. வானத்திலிருந்து கொட்டுகிற பனி வேண்டுமென்றால் நெகட்டிவின்மேல் வெள்ளைச் சாயத்தைத் தூவிவிடுவார்களாம். வெளியே நிஜப் பனி குவிந்து கிடக்கும் ஊரில், பனியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலத்தை ஒளிக்க வேண்டிய ஒன்றாக அவர்கள் நினைக்கவில்லை, பட்டுப்புடவையோடு படம் எடுத்துக்கொள்கிற மாதிரி அதோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த விழா நடந்த விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க் 1862இல் கட்டியது. டிரம்மண்ட் தெருவுக்கும் ஸ்டான்லி தெருவுக்கும் நடுவில் இருந்தது. 1875 மார்ச் 3ஆம் தேதி, ஆட்டம் நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே பத்திரிகையில் அறிவித்து, கூரைக்குக் கீழே ஆடிய முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டமும் இங்கேதான். ஜேம்ஸ் கிரெய்ட்டன் என்பவர் ஏற்பாடு செய்தார், பக்கத்துக்கு 9 பேர், பந்து பறந்து பார்வையாளர்மேல் விழக்கூடாது என்று தட்டையான மரவட்டு ஒன்றை வைத்து ஆடினார்கள். ரிங்கின் நீளம் 204 அடி, அகலம் 80 அடி. இன்றைய தொழில்முறை ஹாக்கித் திடல் 200க்கு 85, கிட்டத்தட்ட அதே அளவுதான். இடத்தைத் தேடிப் போனேன். கார் நிறுத்துகிற கட்டடம் ஆகிவிட்டது. உள்ளே கொஞ்ச நேரம் நின்றேன், ஈர டயர் வாசனையும் குழல்விளக்கும்தான் இருந்தது, வருத்தமாக இருந்தது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் டார்செஸ்டர் சதுக்கம், முன்பு டொமினியன் சதுக்கம். 1883இல் மாண்ட்ரியலின் முதல் குளிர்காலத் திருவிழாவுக்கு இங்கே ஐஸ் கோட்டை கட்டினார்கள், உறைந்த செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலிருந்து ரம்பத்தால் அறுத்து எடுத்த ஐஸ் பாளங்களால். ராத்திரி உள்ளேயிருந்து விளக்குப் போட்டால் கட்டடமே ஒரு லாந்தர் மாதிரி ஒளிர்ந்திருக்கும். ஸ்னோஷூ, அதாவது பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டுகிற சட்டம், அதற்கென்றே இருந்த சங்கங்களைச் சேர்ந்த ஆட்கள் கம்பளி அங்கியும் பின்னல் குல்லாயுமாகக் கையில் தீப்பந்தம் ஏந்தி வரிசையாக வந்து கோட்டையைத் "தாக்குவார்கள்", உள்ளே இருப்பவர்கள் வாணவேடிக்கையால் "எதிர்ப்பார்கள்", கடைசியில் கோட்டை "விழும்". சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்த எனக்கு இது உடனே புரிந்தது. தீப்பந்தத்தோடு ராத்திரி மவுண்ட் ராயல் மலையேறி இறங்குவதும் இந்தச் சங்கங்களின் வழக்கம்.

திருவிழா 1883, 84, 85, 87, 89 ஆகிய வருஷங்களில் நடந்தது. நடுவில் 86 இல்லை. அதற்கு முந்தைய வருஷம் பெரியம்மை வந்து நகரத்தில் 3,000 பேருக்கு மேல் செத்துப்போயிருந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு உறைந்தால் துறைமுகம் மூடிவிடும், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தவர்களுக்கு வசந்தம்வரை கூலி கிடையாது. விக்டோரியா ரிங்கில் வேஷம் கட்டியவர்கள் ஊரின் பணக்காரர்கள். நாட்மன் படத்தில் இருக்கிற 300 பேரில் துறைமுகக் கூலி ஒருவரும் இருந்திருக்க மாட்டார். அப்படியென்றால் சாதாரண ஜனங்கள் எப்படிக் கழித்தார்கள்? இன்றைக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

நாள் 3, ரயில்

பதில் ரயிலில் கிடைத்தது.

மாண்ட்ரியலிலிருந்து கியூபெக் நகரத்துக்கு மூன்றேகால் மணி நேரம். பக்கத்து இருக்கையில் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி, டிரம்மண்ட்வில்லில் இறங்குகிறவர், பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பனி பார்க்க வந்தேன் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் கேட்ட முதல் கேள்வி, அந்தக் காலத்தில் பனி விழுந்தால் பாதை எல்லாம் அடைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பீர்களே என்பது. அவர் கையை ஆட்டி இல்லை இல்லை என்றார். நேர்மாறு என்றார். அவருடைய பாட்டி சொல்வாராம், நல்ல ரோடு வேண்டுமென்றால் பனி விழட்டும் என்று.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சரி! இலையுதிர்காலத்து மழையில் மண் ரோடு எல்லாம் சேறு, வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும், வசந்தத்தில் பனி உருகினாலும் அதே கதை. ஆனால் ஜனவரியில் பனி விழுந்து இறுகிவிட்டால் குண்டும் குழியும் மூடி, வேலி மூடி, ஓடை மூடி, ஊரே ஒரு வழுக்கு ரோடு ஆகிவிடும். சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கரியோல் என்கிற தாழ்வான சறுக்குவண்டியில் குதிரையைப் பூட்டினால் பாதி நேரத்தில் போய்ச் சேரலாம். விறகும் வைக்கோலும் அப்போதுதான் ஏற்றிப் போவார்கள். பனியில் குளம்புச் சத்தம் கேட்காது, எதிரே வருகிறவர் விலக வேண்டுமே என்று குதிரைக்குச் சலங்கை கட்டியிருக்கிறார்கள். குதிரைச் சலங்கையை நான் இத்தனை நாள் வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன். பனிக்காற்றில் பாதை தெரியாமல் போய்விடக்கூடாது என்று இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஊசியிலை மரங்களை வெட்டிவந்து நட்டு வைப்பார்கள், அதற்குப் பெயர் பலீஸ். வண்டிக்குள் காலடியில் அடுப்பில் சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, மடியில் எருமைத்தோலைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்.

எங்கே? சொந்தக்காரர் வீட்டுக்கு. அதுதான் விஷயம். வயலில் வேலை இல்லை, ரோடு நன்றாக இருக்கிறது, சாப்பாடு தயாராக இருக்கிறது. டிசம்பரில் பன்றி அடித்து, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுடுகிற தூர்த்தியேர் என்கிற பலகாரத்தை டஜன் கணக்கில் செய்து வெளிக்கொட்டகையில் வைத்துவிட்டால் போதும், அது இயற்கையே கொடுத்த ஃப்ரீசர். யார் எப்போது வந்தாலும் எடுத்து அடுப்பில் வைக்கலாம். புத்தாண்டு காலையில் குடும்பத்தில் மூத்த பிள்ளை அப்பாவிடம் ஆசீர்வாதம் கேட்க வேண்டும், எல்லாரும் மண்டியிட அப்பா கையை உயர்த்தி வாழ்த்துவார். அந்தப் பாட்டி இதைச் சொல்லும்போது எனக்குப் பொங்கலன்று தாத்தா காலில் விழுந்து திருநீறு பூசிக்கொண்டது ஞாபகம் வந்தது, அவரிடம் சொன்னேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமும் குளிர்காலத்தில்தான் நிறைய. ஜனவரி தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும் நடுவில் கிடைக்கிற வாரங்கள் அதற்குத் தோது. ராத்திரியில் சமையலறை மேஜையை ஓரம் தள்ளிவிட்டு ஆட்டம். ஒருவர் ஃபிடில் வாசிப்பார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையைத் தட்டித் தாளம் போடுவார், இன்னொருவர் இரண்டு ஸ்பூன்களை முழங்காலில் தட்டுவார். வெய்யே என்று பெயர் அந்த ராத்திரிகளுக்கு. ஐஸ் கோட்டையைவிட இந்தச் சமையலறை எனக்குப் பல மடங்கு பிடித்திருக்கிறது. கோட்டையை ஹோட்டல்காரரும் ரயில் கம்பெனியும் வெளியூர்க்காரரை வரவழைக்கக் கணக்குப் பண்ணிக் கட்டினார்கள், இதை யாரும் யாருக்காகவும் காட்டவில்லை.

ஆனால் அந்த ஆட்டத்தில் எல்லாரும் இல்லை. குளிர்காலம் வந்தால் இளைஞர்கள் பலர் மரம் வெட்டக் காட்டுக்குப் போய்விடுவார்கள், ஐஸ் உருகும்வரை மரக்கட்டைக் குடிசைதான். அவர்களைப் பற்றி ஒரு கதை சொன்னார் பாட்டி, இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. புத்தாண்டுக்கு முந்தின ராத்திரி, காட்டுக்குள் கிடக்கிற மரவெட்டிகளுக்கு ஊரில் இருக்கிற காதலிகளைப் பார்க்க ஆசை. பிசாசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு படகில் ஏறுகிறார்கள், படகு வானத்தில் பறக்கிறது. நிபந்தனை என்ன? வழியில் கடவுள் பெயரைச் சொல்லக்கூடாது, கோயில் கோபுரத்துச் சிலுவையில் இடிக்கக்கூடாது, விடியுமுன் திரும்ப வேண்டும். போய் ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள், ஓட்டுகிறவன் குடித்திருக்கிறான். முடிவு ஊருக்கு ஊர் மாறுமாம். ஒரே ஒரு ராத்திரி ஆடுவதற்கு ஆத்மாவையே அடகு வைக்கலாம் என்று கதை கட்டுகிற அளவுக்கு அந்த ஆட்டம் ருசித்திருக்கிறது!

நாள் 4, கியூபெக் நகரம்

மதில் சூழ்ந்த பழைய ஊர். ஆற்றுக்கு மேலே உயரத்தில் டஃபரின் மேடை, மரப்பலகை போட்ட நீண்ட நடைபாதை, அதன் ஓரத்தில் இந்த ஊரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஷாம்ப்ளேனின் சிலை. காற்று அறைந்தது. போன் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிட்டது, அதனால் இன்று படம் குறைவு.

சிலைக்குக் கீழே நின்று நினைத்துக்கொண்டேன். இந்த மேடைக்குக் கீழே தெரிகிற கரையில்தான் 1608இல் ஷாம்ப்ளேன் 28 பேரோடு முதல் குளிர்காலத்தைக் கழித்தார். வசந்தத்தில் உயிரோடு இருந்தவர்கள் 8 பேர். அதற்கும் முன்னால், 1535இல் ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி 110 பேரோடு இங்கே குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டார், ஸ்கர்வி என்ற நோய் வந்து பல் ஈறு அழுகி 25 பேர் செத்தார்கள். மீதிப்பேரைக் காப்பாற்றியது ஸ்டடகோனா ஊரின் பழங்குடி மக்கள். அன்னெடா என்ற ஊசியிலை மரத்தின் பட்டையையும் இலையையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தவர்கள் சில நாளில் எழுந்து நடந்தார்கள்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. குளிரில் செத்துக்கொண்டிருந்த ஜனம் குளிரில் ஆடுகிற ஜனமாக ஆனதற்கு நடுவில் ஒரு படிப்பு இருந்திருக்கிறது, அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தவர்கள்.

சாயங்காலம் கார்னிவல் கூட்டம். கியூபெக் நகரத்தில் 1894இல் பெரிய திருவிழா நடந்தது, 1955 முதல்தான் இப்போதைய தொடர்ச்சி. ஒரு கடையில் மேப்பிள் பாகைக் கொதிக்கக் கொதிக்கச் சுத்தமான பனிமேல் கோடாக ஊற்றி, அது இழுவையாக இறுகும்போது குச்சியில் சுருட்டிக் கொடுத்தார்கள். ஜவ்வு மிட்டாய்தான், ஆனால் வாயில் முதலில் ஜில்லென்று பனி, அப்புறம் சூடு, அப்புறம் இனிப்பு. இரண்டு வாங்கினேன்.

நாள் 5, வென்டாக்கே, மான்மொரன்சி

நேற்று எழுதிய படிப்பைத் தேடி இன்று வென்டாக்கே. ஹூரான்-வென்டாட் மக்களின் ஊர், நகரத்துக்குப் பக்கத்திலேயே. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் தொழிலே ஸ்னோஷூவும் மொக்கசின் செருப்பும். மாண்ட்ரியல் சங்கத்துக் கனவான்களுக்கும் பட்டாளத்து அதிகாரிகளுக்கும் இங்கேயிருந்துதான் போயிருக்கிறது.

ஒரு பழைய ஜோடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஆஷ் மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, துடுப்பு மாதிரி சட்டம் செய்து, அதற்குள் பச்சைத் தோலை மெல்லிய வாராக அறுத்து ஈரமாக இருக்கும்போதே பின்னியிருக்கிறார்கள், காய்ந்தால் தம்பூராத் தந்தி மாதிரி விறைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கயிற்றுக் கட்டில் பின்னுகிறவர் இதைப் பார்த்தால் ஒரு மணி நேரம் பேசுவார். அடர்ந்த காட்டுக்கு வட்டமாக ஒரு வடிவம், வெட்டவெளியில் ஓட நீளமாக வால் வைத்து ஒரு வடிவம். கட்டிக்கொண்டு ஒரு காட்டுப்பாதையில் நடந்தேன். கட்டாமல் வைத்தால் இடுப்புவரை இறங்குகிற பனியில், கட்டிக்கொண்டால் கணுக்கால்கூட இறங்கவில்லை.

டொபாகன் என்ற சறுக்குப்பலகையும் இந்த நாட்டுப் பழங்குடி மக்களின் சொத்துதான். அந்தச் சொல்லே அல்கோன்கிய மொழிகளிலிருந்து வந்தது. வேட்டையாடிய மானையும் கூடாரத்தையும் குழந்தையையும் ஏற்றி இழுத்துப்போக, முன்பக்கம் சுருண்ட மெல்லிய பலகை. இழுத்துப் போகிற வழியில் சரிவு வந்தால் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருக்க மாட்டார்களா என்ன! அப்புறம் வந்தவர்கள் அதை விளையாட்டு என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாண்ட்ரியல் சங்கங்கள் ஸ்னோஷூ ஓட்டப்பந்தயம் வைத்தபோது, அதைக் கண்டுபிடித்த மக்களுக்கே தனி ஓட்டம் ஒதுக்கிவிட்டுக் கனவான்களுக்கு வேறு ஓட்டம் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கால மகிழ்ச்சியைத் தேடி வந்த எனக்கு, இது அந்த மகிழ்ச்சியில் விழுந்த கறையாகவே தெரிகிறது.

மத்தியானம் மான்மொரன்சி அருவி. 83 மீட்டர், நயாகராவைவிட உயரம். குளிர்காலத்தில் அருவியின் திவலைகள் கீழே விழுந்து விழுந்து உறைந்து ஒரு குன்று ஆகிவிடும், சர்க்கரைக்கட்டி என்றே பெயர், பான் தெ சூக்ர். அந்தக் காலத்தில் சர்க்கரை கூம்புக் கட்டியாகத்தானே விற்றார்கள், அதே வடிவம். 19ஆம் நூற்றாண்டில் குளிர்காலமானால் கியூபெக் ஊரே சறுக்குவண்டி கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடும். பட்டாளத்து அதிகாரி, வக்கீல் குடும்பம், குடியானவர்கள் எல்லாரும். குன்றின்மேல் படி வெட்டி ஏறி, டொபாகனில் உட்கார்ந்து ஒரே வழுக்கு, கீழே உறைந்த விரிகுடாவில் வெகுதூரம் போய்த்தான் நிற்கும். குன்றின் அடிவயிற்றைக் குடைந்து ஓர் அறை செய்து, ஐஸாலேயே மேஜை பெஞ்சு வெட்டி, உள்ளே சாராயம் விற்றார்கள். பழைய ஓவியங்களில் இதெல்லாம் இருக்கிறது, குதிரைகளின் மூச்சுப்புகைகூட.

கேபிள் காரில் மேலே போய்ப் பார்த்தேன். குன்று இருந்தது, படத்தில் பார்த்த அளவுக்குப் பெரிதாக இல்லை. நான் போனபோது அதன்மேல் யாரும் ஏறவில்லை. அருவியின் ஒரு பக்கம் கெட்டியாக உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் இரைந்துகொண்டு விழுந்தது. குற்றாலத்துச் சாரல் முகத்தில் படுவது போல் பட்டது, பட்ட இடத்தில் ஊசியாக உறைந்தது.

நாள் 6, மறுபடியும் மேடை, அப்புறம் ஆறு

சனிக்கிழமை என்பதால் அக்காவும் அத்தானும் பையனும் காரில் வந்துவிட்டார்கள். பையன் வந்ததும் வராததுமாக, "சித்தி, ஸ்லைடு எங்கே?" என்றான்.

டஃபரின் மேடையின் ஓரத்தில் 1884இலிருந்து இருக்கிற சறுக்குத்தடம். மரப்பலகைமேல் ஐஸ் பூசிய மூன்று ஓடைகள் பக்கத்தில் பக்கத்தில். டொபாகனை நாமே மேலே இழுத்துப் போக வேண்டும், மூச்சு வாங்குகிற ஏற்றம். மேலே போய் ஒருவர் காலுக்கு நடுவில் ஒருவராக உட்கார்ந்தால், ஆள் ஒரு நெம்புகோலைத் தட்டுவார், அவ்வளவுதான். மணிக்கு 70 கிலோமீட்டர்வரை போகுமாம். நான் பையனைக் கட்டிப்பிடித்தேன், அவன் கத்தினான், நானும் கத்தினேன், கண்ணில் வந்த தண்ணீர் காதுப்பக்கம் ஓடி அங்கேயே உறைந்தது. மூன்று தடவை போனோம். அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றால் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

சரி என்று எல்லாரும் படகுத்துறைக்கு இறங்கி, எதிர்க்கரையில் உள்ள லெவிக்குப் போகிற ஃபெரியில் ஏறினோம். குளிர்காலத்திலும் நிற்காமல் ஓடுகிற படகு. பெரிய பெரிய ஐஸ் தட்டுகளை முட்டித் தள்ளிக்கொண்டு போகும்போது அடியிலிருந்து மொறமொறவென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு நீளப்படகில் ஐந்து பேர் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தால் துடுப்புப் போடுகிறார்கள், ஐஸ் வந்தால் ஒரு காலைப் படகுக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு காலால் ஐஸை உதைத்துத் தள்ளுகிறார்கள். இது ஒரு காலத்தில் பிழைப்பு. அப்போதெல்லாம் குளிர்காலத்தில் ஆட்களையும் தபாலையும் இப்படித்தான் கரை சேர்த்தார்கள்.

சில வருஷங்களில் ஐஸ் நகராமல் கரைக்குக் கரை ஒட்டிக்கொள்ளும். ஐஸ் பாலம் அமைந்துவிட்டது என்று இரண்டு ஊரும் கொண்டாடும், படகு தேவையில்லை, நடந்தே போகலாம், வண்டி போகலாம், ஸ்கேட் கட்டலாம், ஆற்று நடுவில் கொட்டகை போட்டுச் சூடாகக் குடிக்க விற்பார்கள். மாண்ட்ரியலில் இன்னும் ஒரு படி மேலே போய் 1880 ஜனவரியில் ஆற்று ஐஸ்மேல் தண்டவாளம் போட்டு ரயிலே விட்டிருக்கிறார்கள், அடுத்த வருஷம் ஓர் எஞ்சின் ஐஸ் உடைந்து உள்ளே போய்விட்டது.

இதையெல்லாம் நான் மேல்தளத்தில் காற்றில் நின்று பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவும் உள்ளே போகாமல் கூடவே நின்றாள், துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு. வழி தெரிய ஊசியிலை மரம் நட்டு வைப்பார்கள் என்று சொன்னபோது அவள் குறுக்கிட்டாள்.

"இந்த ஆத்துக்கு நடுவுலயா?"

"ஆமா, ரெண்டு வரிசையா, இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைவரைக்கும்."

"யாரு வந்து நடுவா?"

"கரையில இருக்கிறவங்கதான். ரோட்டுல அவங்கவங்க நிலத்துக்கு முன்னால அவங்கவங்க நடணும்னு சட்டமே இருந்துச்சு."

லெவி கரை வந்தது. இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அதே படகில் திரும்பலாம் என்பது திட்டம். பையன் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான். அக்கா நின்று, வந்த வழியை, ஐஸ் தட்டுகள் மெதுவாகச் சேர்ந்து மூடிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். "மேல போனதும் அந்தப் பலகையில ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமாடி?" என்றாள். சறுக்குத்தடம் எத்தனை மணிவரை என்று அத்தான் போனில் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் இருந்தது. காபி வேண்டாம் என்று அப்படியே திரும்பிப் படகேறிவிட்டோம்.